மண் கிண்ணம் செய்வதற்கும் பசி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம்? ‘எம்ப்டி போல்ஸ்’ என்றால் என்ன?

‘காலிக் கிண்ணங்கள்’ என்று அர்த்தம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் ஹார்ட்டம் என்ற பள்ளிக் கலை ஆசிரியர் 1990-இல் தொடங்கிவைத்த, பசி ஒழிப்புக்குப் பணம் திரட்டும் நிகழ்ச்சி இது. மாணவர்கள் களிமண்ணில் கிண்ணம் வனைந்து சுட்டார்கள். வந்தவர்களுக்கு அதில் சூப்பும் கூடவே ரொட்டியும். விருந்தெல்லாம் இல்லை, அவ்வளவுதான் சாப்பாடு. வந்தவர்கள் கொடுக்கும் பணம் பசித்தவர்களுக்குப் போகும். கழுவிய கிண்ணம் உங்களுக்கு.

ஏன் கிண்ணத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்? ‘இத்தனை கோடிப் பேர் பட்டினி’ என்று செய்தியில் படிக்கிறோம், அடுத்த பக்கம் புரட்டியதும் மறந்துவிடுகிறோம். கையில் இருக்கும் பொருளை அப்படி மறக்க முடிவதில்லை. நம் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டியிருக்குமே, அதுபோல. முப்பது வருஷம் கழித்துத் தண்ணீர் பிடிக்கும்போதும் கொடுத்தவர் முகம் வந்து நிற்கும். இந்தக் கிண்ணமும் அலமாரியில் காலியாக உட்கார்ந்திருப்பதே ஞாபகப்படுத்தத்தான். கோணலாக, கைரேகையோடு இருந்தால் இன்னும் நல்லது என்பேன்.

பலர் இதை ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தின் திட்டம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்தந்த ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள், பணமும் பெரும்பாலும் அதே ஊரின் பசிக்குத்தான் போகிறது.