கல்யாணப் பத்திரிகையா, லோகோவா?

கேள்வி: காரைக்குடியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து வீட்டில் பலகாரம் செய்து விற்கிறோம். இப்போது சித்தி அதைக் கவரில் போட்டு வெளியூருக்கும் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். "லோகோ நீயே போட்டுக் கொடு" என்றார். சித்தப்பா சொன்னபடி செட்டிநாட்டு வீட்டு முகப்பு, மரத்தூண், நிலைவாசல் கஜலட்சுமி, குத்துவிளக்கு, கீழே ஒரு தட்டில் முறுக்கு, அதிரசம், சீப்புச் சீடை எல்லாம் வைத்து ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். வகுப்பில் காட்டினால், "இது லோகோ இல்லப்பா, கல்யாணப் பத்திரிகை" என்று ஆசிரியர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எளிமையாக இருக்கணும், மனதில் நிற்கணும், பழசாகக் கூடாது, எங்கும் பொருந்தணும், தொழிலுக்கு ஏற்றதாக இருக்கணும் என்று ஐந்து விதி நோட்டில் இருக்கிறது. மனப்பாடமே ஆகிவிட்டது. பேப்பரை எடுத்தால் ஒன்றும் ஓடவில்லை. எங்கே தொடங்குவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி)

பதில்: தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் சரியில்லை. நாற்பது பேர் முன்னால் சிரிக்க வைத்திருக்க வேண்டாம். போகட்டும்.

அந்த ஐந்து விதியையும் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். உங்கள் தெருவில் பழைய வீடு ஏதாவது ஒன்றில் பாத்திர அறையைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பித்தளை அண்டா, தவலை, வெண்கல உருளி எதை எடுத்தாலும் விளிம்பிலோ கழுத்திலோ புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய இரண்டு மூன்று எழுத்து இருக்கும். அது அந்த வீட்டு விலாசம். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டிக் கடை வைத்த காலத்தில், கடைக்கும் குடும்பத்துக்கும் அந்த முதலெழுத்துகள்தான் முகம். கல்யாண வீட்டில் பத்து வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கிடந்தாலும், கழுவிக் கவிழ்த்த பிறகு எழுத்தைப் பார்த்து அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த எழுத்து எதையாவது வர்ணிக்கிறதா? எங்களுக்கு இத்தனை தூண் வீடு, இத்தனை வேலி நிலம் என்று சொல்கிறதா? "இது இன்னார் வீட்டுது" என்பதோடு அதன் வேலை முடிந்தது. லோகோவின் வேலையும் அவ்வளவுதான். நீங்கள் வரைந்த படம் உங்கள் குடும்பக் கதை முழுவதையும் சொல்லப் பார்க்கிறது. கதையைப் பெட்டி சொல்லட்டும், கடைப் பலகை சொல்லட்டும், சித்தி போனில் சொல்லட்டும்.

நம் ஊர்ச் சுவரையும் பாருங்கள். தேர்தல் வந்தால் உதயசூரியனும் இரட்டை இலையும் ஒரே ராத்திரியில் தெரு முழுக்க முளைத்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவரில் தேய்ந்த பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, மாதிரிப் படம்கூடப் பார்க்காமல் வரைந்துவிட்டுப் போவார்கள். கோடு கோணினாலும் யாருக்கும் குழப்பம் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்குப் பெட்டியை அடையாளம் காண வேண்டும் என்று 1951-52 முதல் பொதுத் தேர்தலிலேயே வந்த ஏற்பாடு தேர்தல் சின்னம். அரசியலை விடுங்கள், டிசைன் படிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் தமிழ்நாட்டில் கிடையாது. உங்கள் லோகோவை ஒருவருக்குப் பத்து நொடி காட்டிவிட்டு, மறுநாள் அவரையே வரையச் சொல்லுங்கள். ஏறக்குறைய வந்தால் தேறியது. உங்கள் முகப்பு, தூண், கஜலட்சுமியை நீங்களே மறுபடி பார்க்காமல் வரைய முடியாது, இல்லையா?

நானும் இதில் அடிபட்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அரிசி மண்டிக்கு லோகோ போட்டேன். நெற்கதிர், ஏர், மாட்டுவண்டி, பின்னால் சூரியன், நான்கு கலர். கம்ப்யூட்டர் திரையில் ஜொலித்தது. இரண்டு வாரம் கழித்து முதலாளி பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ரப்பர் ஸ்டாம்ப் குத்திய இடத்தில் நீல மையில் ஒரு ஈரத் திட்டு. "இதுல மாடு எது, வண்டி எது தம்பி?" என்றுதான் கேட்டார், கோபப்படவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எதை வரைந்தாலும் முதலில் கறுப்பு மையில், கட்டைவிரல் நகம் அளவில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

உங்கள் விஷயத்தில் இது காசுக் கணக்கும்கூட. சித்தி கவரை ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது வலைத் துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கிற முறையில் போடுவதாக இருந்தால், ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன். கலர் கூடக்கூடச் செலவு கூடும், ஒன்றின் மேல் ஒன்று விலகி விழும் ஆபத்தும் கூடும். ஒரே கலரில் நிற்கிற லோகோவுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, எதை வரைவது? முறுக்கை விட்டுவிடுங்கள். அந்தச் சுற்று வட்டத்தைப் பலகாரக் கடைக்காரர் பாதிப் பேர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். உங்கள் தட்டிலேயே ஒரு முத்து கிடக்கிறது, கவனிக்கவில்லை: சீப்புச் சீடை. சித்தி செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வரிவரியாக விழுந்த மாவுப் பட்டையைச் சின்னதாக நறுக்கி, விரலில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டி உருவுகிறார்கள் அல்லவா? ஒரு குட்டிக் குழல், மேலே இணைகோடுகள், நடுவில் ஓட்டை. வேறு ஊர்க்காரர் பார்த்தால் "இது என்ன?" என்று கேட்பார். செட்டிநாட்டுக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். அடையாளத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பென்சிலை எடுத்து அதை மட்டும் ஐம்பது தடவை வரையுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டாம். முதல் பத்தில் நிழல், மினுமினுப்பு, எண்ணெய்ப் பளபளப்பு எல்லாம் வரும். இருபதாவதுக்கு மேல் கை சலித்துப்போய், தானாகவே விட ஆரம்பிக்கும். அந்தச் சலிப்பு நல்லது. அசல் சீடையில் ஏழெட்டு வரி இருக்கலாம், லோகோவில் மூன்று போதும். சின்னதாக்கும்போது வரிக்கும் வரிக்கும் நடுவில் உள்ள வெள்ளை முதலில் அடைபடும், அதனால் வெள்ளையைக் கோட்டின் அளவுக்காவது விடுங்கள்.

இந்த வெள்ளை விஷயம் பிடிபட வேண்டுமானால் ஒரு காலை வேளை ஆத்தங்குடி போய் டைல்ஸ் போடுவதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அறை அறையாகப் பிரித்த உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு கலர்ச் சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மெல்லத் தூக்கினால் கலர்கள் ஒன்றையொன்று தொட்டபடி அப்படியே நிற்கும். அறை ரொம்பப் பொடியாக இருந்தால் கூழ் சரியாக இறங்காது. அதனால் அங்கே பூ என்றால் பெரும்பாலும் சில இதழ், அதோடு சரி. பொருளும் கருவியும் சேர்ந்து உருவத்தைத் தீர்மானிக்கிற வித்தை அது. இதழ்களுக்கு நடுவில் தானாக வந்து உட்காரும் நட்சத்திரத்தையும் கவனியுங்கள், அதைத் தனியாக யாரும் வரைந்திருக்க மாட்டார்கள்.

எழுத்தைப் பற்றி உங்கள் நோட்டில் அனேகமாக இங்கிலீஷ் ஃபான்ட் பாடம்தான் இருக்கும். தமிழுக்கு வேறு தொல்லை. சுழி அடைபடும், புள்ளி காணாமல் போகும். சீ-யின் மேல் வளைவும் டை-க்கு முன்னால் வரும் கொம்பின் இரட்டைச் சுழியும் போல்ட் ஃபான்ட்டில் சின்ன அளவில் கறுப்பு உருண்டையாகிவிடும். கிடைத்த ஃபான்ட்டை அப்படியே போடாமல் பிரிண்ட் எடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்து, சுழிகளைத் திறந்துவிட்டு நீங்களே வரையுங்கள். நம்மவர் ஒருவர் உதாரணத்துக்கு இருக்கிறார். தமிழ் எழுத்துருவில் ஆராய்ச்சி செய்த டி. உதயகுமார் உருவாக்கிய ரூபாய்க் குறியை 2010-ல் அரசு ஏற்றது. தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் சேர்ந்தது. இன்று மளிகைக் கடைக்காரர் பேனாவால் இரண்டு இழுப்பில் போட்டுவிடுகிறார்.

வடிவம் முடிவான பிறகு இங்க்ஸ்கேப், கோரல்டிரா மாதிரி வரைகிற மென்பொருளில் வெக்டராக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடும் வளைவுமாக, வரைந்துகொள்ளுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. கலர் கடைசியில்.

சித்தப்பாவைச் சமாளிப்பதுதான் டிசைனைவிடக் கஷ்டம். "சிம்பிளா இருக்கணும்னு புத்தகத்துல இருக்கு" என்று சொன்னால் எடுபடாது. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "லட்சுமி படம் போட்ட கவரைத் தின்னு முடிச்சதும் எங்க போடுவாங்க சித்தப்பா?" கஜலட்சுமி அந்த நிமிடமே நிலைவாசலுக்குத் திரும்பிவிடுவாள். முகப்பையும் தூணையும் தீபாவளிப் பெட்டியின் மூடியில் பெரிதாக, அழகாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் ஒரு வார உழைப்பும் வீணாகாது.

இன்னொன்றையும் அவர் காதில் போடுங்கள். கடைப் பெயரில் 'செட்டிநாடு' என்று போட நினைத்தால், அது வட்டாரப் பெயர். பொருள் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் பெயரை மட்டும் வைத்து டிரேட்மார்க் பதிவு வாங்குவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஷ்டம். அதே பெயரில் பத்துக் கடை இருக்கும்போது சின்னம்தான் பிரித்துக் காட்ட வேண்டும். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவுக்காகப் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், முறுக்கு, சீடை வகையறா 30-ஆம் வகுப்பில் வரும்.

நைக்கியின் அந்த ஒற்றைக் கீற்றை 1971-ல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, உங்களைப் போல. வாங்கிய கூலி 35 டாலர். கம்பெனிக்காரருக்கு முதலில் அது பெரிதாகப் பிடிக்கவும் இல்லை. பல வருடம் ஷூவில் ஓடி ஓடித்தான் அந்தக் கீற்றுக்கு அர்த்தமே வந்தது. 1983-ல் கம்பெனி அவரைக் கூப்பிட்டு, வைர மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. ஆகவே சித்தியிடம் ஏதாவது கூலி கேட்டு வாங்குங்கள். சீடையாக வேண்டாம், காசாக.

முடித்ததும் பேப்பரில் நீட்டி "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஆளுக்கொரு விளக்கைச் சேர்க்கச் சொல்வார்கள். ஸ்டிக்கராக அடித்து டப்பாவில் ஒட்டி, கடையில் வாங்கிய வேறு நாலு பலகார டப்பாக்களோடு கலந்து அடுப்படி அலமாரியில் வையுங்கள். அப்பத்தாவைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, "நம்ம டப்பா எது அப்பத்தா?" என்று மட்டும் கேளுங்கள்.