டிக்ரி கையில் இருக்கிறது, பணம் எங்கே?

வக்கீல் குமாஸ்தாவாக முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் முப்பது வருடம் ஓடியவன் நான். பண டிக்ரி, அதாவது இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று கோர்ட் போடும் தீர்ப்பாணை, அதன் வசூல் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், 4 லட்சத்துக்கு டிக்ரி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. எதிராளி ஒரு பைசா தரவில்லை. கோர்ட்டே வசூலித்துத் தராதா?

தராது. நிறைவேற்று மனு, அதாவது இ.பி., நீங்கள்தான் போட வேண்டும். அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் டிக்ரி ஆகி இரண்டு வருடம் தாண்டிவிட்டால் எதிராளிக்கு முதலில் நோட்டீஸ் போகும். நோட்டீஸைப் பார்த்தபிறகு எவன் கணக்கில் பணத்தை விட்டுவைப்பான்? உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, உடனே போடுங்கள்.

அவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று கோர்ட் தேடாது, நீங்கள் காட்ட வேண்டும். வில்லங்கச் சான்று எடுங்கள். முன்பு உங்களுக்கு அவர் செக் கொடுத்திருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். வங்கி, கிளை, கணக்கு எண் எல்லாம் அதிலேயே இருக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால், சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போடலாம். கோர்ட் உத்தரவிட்டும் தராவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை.

எதிராளி அரசு ஊழியர். சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 31,000 சம்பளம் என்றால் மாதம் 10,000 பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். பி.எஃப்., கிராஜுவிட்டி பக்கமே போகாதீர்கள்.

ஜப்தி செய்யக் கோர்ட் ஊழியரான அமீனா வந்தால் வீட்டில் எல்லாவற்றையும் தூக்கிவிடுவாரா அண்ணே?

உடுப்பு, படுக்கை, சமையல் பாத்திரம், தாலி இதையெல்லாம் தொட முடியாது. தொழில் செய்பவரின் கருவியும் அப்படியே. ஒருமுறை அமீனாவோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி., பீரோ எல்லாம் எழுதிவிட்டுத் தையல் மெஷினில் கை வைத்தார். அந்த வீட்டம்மா சத்தம் போடவில்லை. பாதி தைத்த ரவிக்கையை மெஷினிலிருந்து உருவி மடித்து வைத்துவிட்டு, "இதுதான் சோறு போடுது" என்றார். அமீனா பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டார். சட்டப்படியும் அதுதான் சரி.

விவசாயியோ கூலித் தொழிலாளியோ தான் குடியிருக்கும் சொந்த வீட்டையும் ஜப்தி செய்ய முடியாது. மற்றவர்களின் வீடு ஏலத்துக்கு வரும். ஏலம் எடுப்பவர் அன்றே 25 சதவீதம், 15 நாளில் மீதி கட்ட வேண்டும்.

கடன் வாங்கிய அம்மாவைக் கைது செய்ய முடியுமா?

முடியாது. பண டிக்ரிக்குப் பெண்களைக் கைது செய்யக்கூடாது. ஆணாக இருந்தாலும் வசதி இல்லாதவரை உள்ளே போட முடியாது; 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் இதை உச்ச நீதிமன்றத்தில் அழுத்திச் சொல்லிவிட்டார். வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று நீங்கள் காட்டியாக வேண்டும். அப்போதும் அதிகபட்சம் மூன்று மாதம், சாப்பாட்டுப் படி உங்கள் செலவு. அவர் வெளியே வந்தபிறகும் கடன் அப்படியே நிற்கும்.

நான் கடனாளி. டிக்ரிக்குப் பிறகு முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தேன். இப்போது டிக்ரி வாங்கியவர் இ.பி. போட்டிருக்கிறார்.

ரசீது வாங்கினீர்களா? வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், இ.பி. விசாரணையில் அது கொடுத்ததாகவே ஆகாது. பதிவு செய்யச் சொல்லி நீங்கள் மனுப் போடுவதற்கு 30 நாள்தான். வயிற்றெரிச்சலான விஷயம், பலரும் இதில்தான் மாட்டுகிறார்கள். ஊர்ப் பெரியவர் யாரையாவது வைத்து, பணம் வந்துவிட்டதாக டிக்ரி வாங்கியவரே கோர்ட்டில் மெமோ போடும்படி பேசிப் பாருங்கள். கையில் எழுத்து ஏதாவது இருந்தால் இன்றே வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்பா மேல் டிக்ரி. அவர் இறந்துவிட்டார். நான் கட்டணுமா?

அப்பா சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்கு மட்டும். உங்கள் சொந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

மொத்தத்தில் எத்தனை நாள் ஆகும்?

இ.பி. போட்ட ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் கட்டு தூக்கிய இ.பி.க்களில் சில, என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்தபோது ஆரம்பித்து, அவள் பத்தாவது எழுதும்போதும் வாய்தாவில்தான் இருந்தன.