மடிக்கணினிக்கு வெளி விசிறி: மின்சாரம் எங்கிருந்து?

கேள்வி: அரை மணி நேரம் வேலை செய்தாலே என் மடிக்கணினி கொதிக்கிறது. பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய 120 மி.மீ. விசிறி ஒன்று கையில் இருக்கிறது. அதை மடிக்கணினியின் யூ.எஸ்.பி. துளையில் இணைத்தே ஓட்டலாமா? கணினிக்குக் கெடுதல் வருமா?

பதில்: முறையாக இணைத்தால் கெடுதல் வராது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் காற்றும் வராது. விசிறியின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்று இருக்கும். சாதாரண யூ.எஸ்.பி. துளை தருவதோ 5 வோல்ட். இவ்வகை விசிறியின் வேகம் ஏறக்குறைய மின்னழுத்தத்துக்கு ஏற்பவே ஏறி இறங்கும் என்பதால், பாதிக்கும் குறைவான வேகமே மிஞ்சும். சில விசிறிகள் 5 வோல்ட்டில் தாமாகச் சுழலத் தொடங்குவதே இல்லை. விரலால் தள்ளிவிட்டால்தான் ஓடும். அப்படிப்பட்ட விசிறியை நம்பிக் கணினியை நீண்ட வேலைக்கு விட்டுவிடக் கூடாது.

5 வோல்ட்டை 12 வோல்ட்டாக உயர்த்தித் தரும் சிறு மின்மாற்றுப் பலகைகள் கிடைக்கின்றனவே என்று கேட்பீர்கள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். சீட்டில் 0.15 ஆம்பியர் என்றிருந்தால், 12 வோல்ட்டில் அது 1.8 வாட். அதை 5 வோல்ட்டிலிருந்து எடுக்க 0.36 ஆம்பியர் தேவை. பலகையில் வீணாவதையும் சேர்த்தால் 0.4-ஐத் தாண்டும். யூ.எஸ்.பி. 2.0 துளையின் வரம்பு 0.5 ஆம்பியர், 3.0 துளைக்கு 0.9. ஆகவே சமாளித்துவிடும். சீட்டில் 0.3 ஆம்பியர் என்றிருந்தால் 0.8-க்கு மேல் போகும், 2.0 துளை அதைத் தாங்காது. சுழலத் தொடங்கும் நொடியில் விசிறி இன்னும் சற்று அதிகமாக இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வரம்பு மீறினால் பெரும்பாலான கணினிகள் அந்தத் துளையை அணைத்துவிடும். அதோடு ஒரே தொகுப்பாக உள்ள பக்கத்துத் துளையில் செருகியிருக்கும் வன்தட்டும் அப்போது துண்டிக்கப்படலாம். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகலாம். ஒரு விசிறிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

என் பரிந்துரை, விசிறிக்குத் தனி மின்சாரம். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும். பழைய ரூட்டரின் அடாப்டர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 9 வோல்ட்டாகவும் இருக்கக்கூடும் என்பதால் சீட்டைப் படித்த பிறகே பயன்படுத்துங்கள். வெளியீட்டு வரியில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு வரும் கோடும் இருந்தால் அது நேர்மின்சாரம், அதுதான் தேவை. அலைபோன்ற குறி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அடாப்டரின் ஆம்பியர் விசிறியின் தேவையைவிட அதிகமாக இருப்பதால் தீங்கில்லை, விசிறி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். வோல்ட் விஷயம் அப்படியல்ல. மடிக்கணினியின் 19 வோல்ட் சார்ஜரில் இந்த விசிறியை ஒருபோதும் நேரடியாக இணைக்காதீர்கள்.

கம்பிகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று கம்பி விசிறியில் வழக்கமாகக் கறுப்பு எதிர்முனை, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைத் தெரிவிக்கும் கம்பி. நான்கு கம்பி விசிறிகள் பலவற்றிலோ மஞ்சள்தான் 12 வோல்ட். பச்சை வேகத்தைத் தெரிவிக்கும், நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்தும். எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே உள்ள விசிறிகளும் உண்டு. எனவே நிறத்தைவிடச் செருகியின் வரிசையை நம்புங்கள்: முதல் முனை எதிர்முனை, இரண்டாவது 12 வோல்ட். மற்றவற்றை இணைக்காமல் தனித்தனியே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடலாம். அடாப்டர் முனையில் எது நேர்முனை என்பதை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்; மாற்றிக் கொடுத்தால் விசிறிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று கெட்டுப்போகலாம்.

வெளியூர் போகும்போதும் விசிறி வேண்டுமென்றால் இந்தப் பழைய விசிறியோடு போராடாமல், 5 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட விசிறியை வாங்குங்கள். அதைக் கைப்பேசி சார்ஜரிலோ பவர் பேங்கிலோ ஓட்டலாம். சில பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் தாமாக அணைந்துவிடும். சற்று நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மின்சாரம் சரியானபின் காற்றின் திசை. விசிறியின் சட்டத்தையும் மோட்டாரையும் இணைக்கும் குறுக்குக் கைகள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பல மடிக்கணினிகள் அடிப்புறத் துளை வழியே காற்றை இழுத்துப் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சூடாக வெளியேற்றுகின்றன. உங்கள் விசிறி அடிப்புறத் துளையை நோக்கி ஊத வேண்டும். சூடான காற்று வரும் வழியை எதிர்த்து ஊதினால் நிலைமை மோசமாகும். விசிறிக்கு அடியிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேசையோடு ஒட்டி வைத்தால் அதற்கு இழுக்கக் காற்றே இருக்காது.

விசிறி இல்லாமல் ஒருமுறை, விசிறியோடு ஒருமுறை, ஒரே வேலையைச் செய்யவிட்டுச் செயலியின் (பிராசசர்) வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பல செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். விசிறி வைத்தும் அந்த அளவிலேயே நின்றால், வெளியேறும் துளையருகே கையை வைத்துப் பாருங்கள். கணினி கொதிக்கும்போதும் அங்கே காற்று மெலிதாகவே வந்தால், உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதை நீக்காமல் எந்த வெளி விசிறியும் பயன் தராது.