வக்கீலிடம் போன நீர் ஆய்வறிக்கை ரகசியமாகிவிடுமா?

காரைக்குடிப் பக்கத்து ஊருணியின் நீர் ஆய்வறிக்கையைக் கேட்டதற்கு, வழக்குக்காக வக்கீலிடம் கொடுத்துவிட்டோம், தர முடியாது என்று அரசு அலுவலகம் மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதோடு நின்றுவிடாதீர்கள்.

வக்கீலுடன் நடக்கும் ஆலோசனைக்குப் பாதுகாப்பு உண்டு. அதைத் தந்தது முன்பு 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், இப்போது தருவது 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம். அந்தப் பாதுகாப்பு தேவைதான். ஆனால், அலுவலகக் கோப்பில் ஏற்கெனவே இருந்த பரிசோதனை அளவுகள் வக்கீலின் மேசைக்குப் போனதாலேயே ஆலோசனையாக மாறிவிடா. மழைநீரைத் தேக்கி ஊரே குடித்து வளர்ந்த ஊருணி அது! அதில் கலந்திருப்பதை ஊர் அறிய வேண்டாமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் காட்டி, ஆலோசனைப் பக்கங்களை நீக்கிவிட்டு மீதியைக் கேளுங்கள். விலக்குப் பெற்ற தகவலையும் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) பிரிவையும் குறிப்பிடுங்கள். மறுப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். மறுத்தது சரியென்று நிரூபிக்க வேண்டியவர் அதிகாரிதான்.