ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றிய விண்டோஸ் சர்வர் நீலத்திரையில் நிற்கிறது

ப்ராக்ஸ்மாக்ஸில் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) பூட் வட்டை விர்ட்ஐஓவிலிருந்து (விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே உள்ள இணைப்பு முறை) சாட்டாவுக்கு (வழக்கமான வட்டு இணைப்பு) மாற்றி இயக்கிப் பாருங்கள். விஎம்வேர் என்ற அதேபோன்ற மென்பொருளிலிருந்து வந்த சர்வர் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நிற்பதற்குப் பெரும்பாலும் விர்ட்ஐஓ டிரைவர் இல்லாததே காரணம். தரவு எங்கும் போய்விடவில்லை, பதறாதீர்கள்.

விண்டோஸ் உள்ளே போனதும் விர்ட்ஐஓ டிரைவரை நிறுவுங்கள். அது மட்டும் போதாது, இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 1 ஜிபி அளவில் இன்னொரு வட்டை விர்ட்ஐஓ ஸ்கசியில் (விர்ட்ஐஓவின் ஒரு வகை வட்டு இணைப்பு) சேர்த்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சர்வரை அணைத்துவிட்டு பூட் வட்டையும் அதே ஸ்கசிக்கு மாற்றலாம். பூட் ஆர்டரில் அதைத் திரும்ப டிக் செய்ய மறக்காதீர்கள்.

சாட்டாவிலும் எழவில்லையென்றால், விஎம்வேரில் இருந்த பழைய விஎம் (விர்ச்சுவல் மெஷின்) எழுவது யூஇஎஃப்ஐ, பயாஸ் என்ற இரண்டு பூட் முறைகளில் எதில் என்று பார்த்து அதையே இங்கும் வையுங்கள்.

பழைய விஎம்மை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்து ஓடவிடாதீர்கள்.