விலை குறைந்த பெல்லட் மட்டும் போட்டு மீன் வளர்க்கலாமா? தொட்டித் தண்ணீர் அடிக்கடி கலங்குகிறதே, அதற்குத் தீவனம்தான் காரணமா?

வளர்க்கலாம். தொட்டியில் வளர்க்கும் மீன்களில் பெரும்பாலானவை சாதாரண பெல்லட்டிலேயே நன்றாக இருக்கும். தண்ணீர் கலங்குவதற்கு அநேகமாக நீங்கள் போடும் அளவுதான் காரணம், விலை அல்ல. ஆனால் மலிவு ரகங்களில் வாங்கவே கூடாதவையும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது எளிது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். மூலப்பொருள்களைப் பொதுவாக எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிடுவார்கள். முதலில் மீன் தூளோ இறால் தூளோ இருந்தால் நல்லது. கோதுமை மாவும் தவிடும் முதல் இடங்களைப் பிடித்திருந்தால் மீன் வயிற்றுக்குப் போவது பெரும்பாலும் மாவுச்சத்துதான். (மிதக்கும் பெல்லட் உப்பி மிதப்பதற்கே ஓரளவு மாவு தேவை. அதனால் பட்டியலில் மாவு இருப்பதையே குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) புரதம் கோல்டு ஃபிஷ், மோலிக்கு 30 முதல் 35 சதவீதம் இருந்தால் போதும். ஃபைட்டர், ஆஸ்கார் போன்ற இரை பிடித்துத் தின்னும் மீன்களுக்கு 40க்கு மேல் பாருங்கள். சாம்பல் (Ash, தீவனத்தை எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்) என்று ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். அது 15 சதவீதத்தைத் தாண்டினால் எலும்பும் செதிலும் அதிகம் அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி கழிவாக வெளியேறி, தொட்டியில் பாசிக்கு உரமாகும். புரத அளவும் தயாரிப்புத் தேதியும் இல்லாத பாக்கெட்டை, மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டித் தருவதை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கலந்து வரும் உருண்டைகளில் அந்த நிறம் பெரும்பாலும் சாயம். அது நம் கண்ணுக்காகப் போட்டது. மீனின் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் உதவுவது அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி, ஸ்பைருலினா என்ற நுண்பாசி போன்றவை. அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

வாங்கிய பிறகு ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து பத்து பெல்லட் போட்டு, பத்து நிமிடம் கலக்காமல் விடுங்கள். நல்ல பெல்லட் மெத்தென்று ஆகும், ஆனால் உருவம் கலையாது. விரலால் நசுக்கினால் பிசையக்கூடிய பதத்தில் இருக்கும். மட்டமானது அதற்குள் மாவாக உதிர்ந்து அடியில் படியும், அல்லது சாயம் பிரிந்து தண்ணீரின் நிறமே மாறும், அல்லது இரண்டு மடங்காக ஊதும். உதிர்வது தொட்டியைக் கலக்கும். ஊதுவது மீனின் வயிற்றுக்குள்ளும் ஊதும்.

இனி அளவு. இங்கேதான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். 35 சதவீதம் புரதமுள்ள தீவனம் ஒரு கிராம் மீன் தின்னாமல் அழுகினால் ஏறக்குறைய 56 மில்லிகிராம் நைட்ரஜன் தண்ணீரில் சேரும். 50 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் மேல். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா ஊறிய பழைய தொட்டி இதைச் சமாளித்துவிடும். புதிய தொட்டியால் முடியாது. அம்மோனியா ஏறி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். தின்ற தீவனத்தின் நைட்ரஜனிலும் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகத்தான் வெளியேறுகிறது. அதனால் மிச்சம் வைக்காமல் தின்றாலும் அளவு மீறக் கூடாது.

வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு அதன் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும். தொட்டியில் மொத்தம் 50 கிராம் மீன் இருந்தால் ஒரு நாளைக்கு அரை முதல் ஒரு கிராம். சமையலறைத் தராசு ஒரு கிராமைச் சரியாகக் காட்டாது. பத்து டீஸ்பூன் தலை தட்டி அளந்து மொத்தமாக நிறுத்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் பெல்லட்டில் ஒரு டீஸ்பூன் சுமார் 2 கிராம் வரும். விரலால் கிள்ளிப் போடுபவர்கள் இதை ஒருமுறை அளந்து பார்த்தால் திடுக்கிடுவார்கள்.

அந்த அளவை இரண்டு வேளையாகப் பிரித்து, இரண்டு நிமிடத்தில் தீர்கிற மாதிரி போடுங்கள். கோல்டு ஃபிஷ், கோய் போன்றவற்றுக்கு இரைப்பையே கிடையாது. ஒரே வேளையில் கொட்டினால் பாதி செரிக்காமல் வெளியே வரும். அவற்றுக்கு மூன்று வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது இன்னும் நல்லது. மீன் எப்போதும் பசித்த மாதிரிதான் கண்ணாடிக்கு வரும். அதைப் பார்த்து இரங்கி இன்னொரு கிள்ளு போடாதீர்கள். குஞ்சுகளைத் தவிர மற்றவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம், ஒன்றும் ஆகாது.

பெல்லட் மீனின் வாய்க்குள் சுலபமாகப் போக வேண்டும். கப்பி, டெட்ராவுக்கு அரை மில்லிமீட்டர், ஃபைட்டருக்கு ஒன்று, நடுத்தர கோல்டு ஃபிஷுக்கு இரண்டு. பெரிதாக இருந்தால் இடித்துச் சலித்து, தூளை ஒதுக்கிவிட்டுக் குருணையை மட்டும் போடுங்கள். உருண்டை உடம்புள்ள கோல்டு ஃபிஷ் வகைகள் மேலே மிதப்பதை விழுங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். அவற்றுக்கு மூழ்கும் பெல்லட்டே சரி. பிளெக்கோ போன்ற அடிமட்ட மீன்களுக்கும் மேலிருந்து மிச்சம் வரும் என்று நம்பாமல், விளக்கை அணைத்த பிறகு தனியாக மூழ்கும் தீவனம் போடுங்கள்.

மலிவு என்று பெரிய பையாக வாங்குவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யை உடலில் தயாரிக்க முடியாது, தீவனத்தில்தான் கிடைக்க வேண்டும். பையைத் திறந்ததும் காற்றும் ஈரமும் பட்டு அது குறையத் தொடங்கும், எண்ணெயும் காறும். நீண்ட நாள் வைட்டமின் சி இல்லாமல் வளரும் குஞ்சுகளுக்கு முதுகெலும்பு வளையும். இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். பெரிய பைதான் கிடைக்கிறது என்றால் சின்ன டப்பாக்களாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த டப்பாவை அறைச் சூட்டுக்கு வரும் முன் திறக்காதீர்கள். ஈரம் உள்ளே படிந்து பூஞ்சை பிடிக்கும். காறல் வாடை அடித்தாலோ பெல்லட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ மொத்தமாகக் குப்பையில் போடுங்கள். வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடும் பழக்கம் வேண்டாம், பூஞ்சையின் நச்சு காய்ந்து போகாது.

பெல்லட்டோடு வாரம் இரண்டு நாள் வேறு ஏதாவது கொடுங்கள். தோல் உரித்து வேகவைத்த பட்டாணியோ கீரையோ கோல்டு ஃபிஷுக்கும் மோலிக்கும், உறைய வைத்த ஆர்டீமியா (இறால் இனத்துச் சிற்றுயிரி) ஃபைட்டருக்கும் டெட்ராவுக்கும் ஏற்றவை. காய்கறித் துண்டு மிச்சமிருந்தால் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.