எடை சரியாக இருந்தும் இடுப்பை ஏன் அளக்கிறார்கள்?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கிளினிக்குகளில் எடை பார்த்த பிறகு நாடாவால் இடுப்பையும் அளப்பதுண்டு. ஒல்லியானவருக்கு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள்.

பெரிய இடுப்புச் சுற்றளவு ஓர் ஆபத்துக் காரணி. அது நோயல்ல, ஆனால் அது உள்ளவர்களுக்கு நீரிழிவும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு அதிகம்.

எடைக்கருவி மொத்தக் கனத்தைத்தான் காட்டும். கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. தோலுக்கு அடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. அந்த இடம் நிறைந்ததும் மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்கிறது. லிட்டில் இந்தியா கடைகளில் கிடங்கு நிறைந்தால் மூட்டைகள் கடை முன்னுள்ள நடைபாதையான அஞ்சடிக்கு வந்து வழியை அடைக்குமே, அதைப் போல. கல்லீரலில் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. நம்மைப் போன்ற தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்தக் கிடங்கு பொதுவாகவே சிறியது. ஒல்லியான உடலிலும் தொப்பை விழுவது அதனால்தான். நம் வீடுகளில் எல்லாரும் இதை அறிந்திருக்க வேண்டும். ஆசியர்களுக்கான இடுப்புச் சுற்றளவு எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

கால்சட்டை அளவே இடுப்பளவு என்று பலர் நினைக்கிறார்கள். தொப்பைக்குக் கீழே கட்டும் அந்த அளவு இதற்கு உதவாது, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும்.